ஒற்றை ஆள் வரிசை

போர் ஓய்ந்த தூரதேசத்தில் அமைதி காக்க நாடுகள் எல்லாம் படை அனுப்பின. ஒரு குட்டித் தீவால் அனுப்ப முடிந்தது ஒரே ஒருவனை, பூங்கோதையின் கணவனை. தொலைக்காட்சி அணிவகுப்பில் பெரிய படைகளெல்லாம் கடந்த பிறகு, அவன் தனியாக நடந்து வந்தான்.

"ஒத்தை ஆளா? உலகமே சிரிக்கப்போகுது அண்ணி," என்றாள் நாத்தனார்.

"சிரிக்கட்டும். அவங்க மிச்சம் இருந்தவங்கள அனுப்பினாங்க. நாம இருந்த ஒருத்தரையே அனுப்பியிருக்கோம்."

அவனுக்குப் பயிற்சிப் பழக்கம் விடவில்லை. வரிசை நேராக இருக்கிறதா என்று பார்க்க, யாருமே இல்லாத வலப்பக்கம் தலையைத் திருப்பினான். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பூங்கோதை எழுந்தாள். அவன் பார்வை போன பக்கமாக, தொலைக்காட்சியை ஒட்டி, அவன் தோளுக்கு நேராக நிமிர்ந்து நின்றுகொண்டாள்.