ராக்கெட் வண்டி

"அண்ணே, நான் சொல்றதைக் கொஞ்சம் முழுசாக் கேளுங்க..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சத்தத்தைக் கேட்டாலே வண்டிக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும்" என்று அழகுமலையின் வாயை அடைத்தார் மெக்கானிக் சோணைமுத்து.

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். நாளைச் சாயங்காலம் மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. பந்தல், சமையல், நாயனம், ஊர்கோலத்துக்கு வண்டி என்று எல்லாவற்றையும் மனைவி செல்லத்தாய் தலையில் கட்டிவிட்டு, வில்லாபுரம் பட்டறையில், நாளைக்கே வேணும் என்று அழகுமலை கொண்டுவந்து நிறுத்திய இந்தச் சனியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "நடுரோட்டுல மக்கர் பண்ணி நிக்கிற வண்டியைப் புடிச்சிராத. மெக்கானிக் மகன் உக்காந்த வண்டியைச் சம்மந்தி வீட்டாளுக தள்ளுனா, நான் பட்டறையை மூடிட்டுப் போகவேண்டியதுதான்" என்று அவளை மிரட்டியதோடு கல்யாண வேலை முடிந்தது அவருக்கு.

சனியன் என்றாலும் சாதாரணச் சனியன் இல்லை. மில் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ரேஸ் கார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. அழகுமலை வாங்கிச் சிவப்பு பெயிண்ட் அடித்து, பம்பரைப் பளபளவென்று தேய்த்து, நேற்றுதான் கப்பலிலிருந்து இறங்கியது போல ஆக்கியிருந்தான். ஓட்டத்தில்தான் கோளாறு.

"தெற்குவாசல்ல கொதிச்சு நின்னு மானம் போச்சுண்ணே. ஏன்னா, கூட்டத்துக்கு நடுவுல..."

"ஏன்னா, இஞ்சின் கெழடு! அதான் பெரிய இஞ்சினாத் தூக்கி வச்சேன். மறுநாளே மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நின்ன. கார்புரேட்டர் ரெண்டாப் போட்டேன். இன்னமும் வேகம் பத்தலங்கிற!"

"பத்தலன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?"

"ஒன் மூஞ்சி சொல்லுதே. ஏறு வண்டியில!"

அருப்புக்கோட்டை ரோட்டில் வேக முள் எண்பது மைலைத் தொட்டது. அழகுமலையின் துண்டு பறந்து புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. பட்டறைக்குத் திரும்பியதும் சோணைமுத்து பேனட்டைத் தட்டினார்.

"ராக்கெட்டுய்யா இது! மொதக் கியர்லயே இருவது மைல் போகும். ரேடியேட்டர் ஃபேனையும் கழட்டி எறிஞ்சுட்டேன். அது இஞ்சின் பலத்துல பாதியத் தின்னுது. பறக்கிற வண்டிக்குக் காத்துதான் ஃபேன்."

அழகுமலை முகத்தில் ஈயாடவில்லை. "ஐயையோ... மெதுவாப் போனா?"

"மெதுவாப் போனா அஞ்சு நிமிஷத்துல கொதிச்சு நின்னுரும். ஆனா, இம்புட்டு வேகமான வண்டிய எந்தக் கூமுட்டைடா உருட்டிக்கிட்டுப் போவான்?"

அழகுமலை தலையில் கைவைத்தபடி, கீழே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டான்.

இதைப் பார்த்ததும் சோணைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. சொந்த மகன் கல்யாணத்தை விட்டுவிட்டு ஊரான் வண்டிக்கு உயிரைக் கொடுத்தால், ஒரு நல்ல வார்த்தை கிடையாதா?

"சரி, சொல்லித் தொலை. நாளைக்கு இது எங்கதான் போகணும்?" என்று கேட்டுவிட்டு, முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"நாயனக்காரருக்குப் பின்னாடிண்ணே" என்றான் அழகுமலை, அழாத குறையாக. "அவர் நடக்கிற நடைக்கு, முக்குக்கு முக்கு நின்னு நின்னு, ராத்திரி வரைக்கும் ஊர்ந்து போகணும். கல்யாண ஊர்கோலத்துக்கு வாடகைக்கு விடத்தானே இதை வாங்குனேன்!"

சோணைமுத்து பேனட்டிலிருந்து கையை எடுத்தார். "நாளைக்கு... யார் வீட்டு ஊர்கோலம்?"

"ஒங்க மகன் ஊர்கோலந்தாண்ணே. வண்டி பேசுன செல்லத்தாய் மதினியையும் நீங்க பேச விடலையா?"