விருந்தாளிக்கு அழுவது

பஸ்தியான் உள்ளே வந்தான். யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், நேராகப் போய்த் தூளியில் படுத்துக்கொண்டான்.

விருந்தாளி அப்படித்தான் வரவேண்டும். துப்பினம்பா சனங்களின் முறை அது.

இனி பெண்கள் அவன் காலடியில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழ வேண்டும். எவ்வளவு தூரம் வந்தாயோ, என்ன பாடு பட்டாயோ என்று அழ வேண்டும். அதன் பிறகுதான் வந்தவன் வாய் திறப்பான். அழுது வரவேற்ற விருந்தாளிக்கு இல்லை என்று சொல்கிற வழக்கம், பறங்கிகள் பிரேசில் என்று பேர் வைத்த அந்தக் கரையில் கிடையாது.

ஜுசாரா குந்தினாள். அன்று அழுகைக்குப் பஞ்சமில்லை. அவளுடைய ஒரே மகள் பொத்திரா, கடற்கரையில் அவனுடைய படகில் கட்டுண்டு கிடந்தாள்.

விடிகாலையில் சிப்பி பொறுக்கப் போனவர்கள் எட்டுப் பேர். கடலுக்கு அப்பால் அடிமைகளாக விற்கப் பறங்கிகள் வளைத்ததில் ஒருத்திதான் தப்பி ஓடிவந்தாள். பஸ்தியானைக் கண்டதும், "மாமா, நான்தான்" என்று பொத்திரா கத்தினாளாம்.

ஆண்கள் ஆற்றின் மேற்பக்கம் மீனுக்குப் போய் மூன்று நாளாகிறது. வாசலில் இரண்டு பறங்கிகள் துப்பாக்கியோடு நின்றார்கள்.

ஜுசாரா அழுதாள். அழுகைக்குள்ளேயே சொன்னாள்: என் பிள்ளையை விட்டுவிடு, எனக்கு வேறு நாதியில்லை, அவளுக்குப் பதிலாக என்னைக் கட்டு.

பஸ்தியான் முகத்தை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டான். தோள் குலுங்கியது. அழுகிறவளுக்கு விருந்தாளி செய்யவேண்டிய பதில் மரியாதை அது. ஒரு குறை சொல்ல முடியாது.

சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. ஏழு வருஷத்துக்கு முன்னால் கப்பல் உடைந்து, உப்பு அரித்த உடம்போடு கரை ஒதுங்கிய இந்தப் பறங்கியை இதே தூளியில்தான் போட்டாள். மரவள்ளியின் விஷத்தைப் பிழிந்தெடுக்கத் தெரியாது, தினம் குளிக்கத் தெரியாது, அழத் தெரியாது. அவள் அழுதால் இவன் சிரித்தான். தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கினாள். அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். பாவி, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டான்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்களும் ஓடிவந்து சுற்றிக் குந்தினார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளை போயிருந்தது. கூரை பிய்ந்துவிடும்போல் அலறினார்கள். இவ்வளவு பெரிய வரவேற்பு அந்த ஊரில் எந்தத் தலைவனுக்கும் கிடைத்ததில்லை.

பஸ்தியான் எழுந்து உட்கார்ந்தான். கண் நிஜமாகவே நனைந்திருந்தது.

"போதும்க்கா. வழிக்கு மரவள்ளி மாவு வேணும், நாப்பது கூடை. பொத்திராவும் அதத்தான சாப்பிடணும்."

அழுகை நின்றது. ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். பாதியில் அழுகையை நிறுத்திவிட்டால் வந்தவன் விருந்தாளி இல்லை. அவனுக்கு ஒரு பிடி மாவும் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களிடம் மிச்சமிருந்த ஆயுதம் அது ஒன்றுதான். எல்லோரும் ஜுசாராவைப் பார்த்தார்கள்.

கடலைக் கடக்க எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இருந்த மாவை விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை வறுங்கடி," என்றாள். "ஈரம் இருந்தா கடல்ல பூசணம் பூத்துப்போகும்."