கடைசிப் புள்ளிக்குப் பிறகு

“ஏழுன்னா வெறும் ஏழு சார்! பூஜ்யம் ஏழுன்னு எதுக்கு எழுதறீங்க? ஒவ்வொரு தடவையும் பதிவகத்துலருந்து போன் பண்ணித் திருத்த வேண்டியிருக்கு.” கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் மேலாளர்.

புள்ளிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டிஜிட்டல் சான்றிதழில் புதிதாக ஒரு விவரம் சேர்ப்பதென்றால், உலகில் வேறு எதற்கும் இல்லாத ஓர் எண்ணை அதற்குப் பதிவு செய்தாக வேண்டும். புள்ளி வைத்துப் பிரித்த நீள எண். வருஷக்கணக்காக அதை எழுதிப் பதிவகத்துக்கு அனுப்புவதே வேலை என்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர்தான் புள்ளிக்காரர்.

“கை பழகிப்போச்சு சார்.”

“இன்னொரு தப்பு வந்தா இந்த வேலையை வேற ஆளுக்கு மாத்திடுவேன்.”

மேலாளர் போனதும் அறையில் அவர் மட்டும். மனைவி இறந்த பிறகு, வீட்டில் அவரோடு பேச டிவியாவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

அடுத்த எண்ணைத் தட்டினார். ஒவ்வொரு புள்ளியிலும் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஆனாலும் அனுப்ப மனம் வராமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அனுப்பிய கையோடு போனை வழக்கம்போல் பக்கத்தில் இழுத்தவர், என்னவோ நினைத்து மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்.

மதியம் அது அடித்தது. எட்டிப் பிடித்து எடுத்தார்.

பதிவகத்து மேடம். முகம் பார்த்ததில்லை. தப்பைச் சொல்லி முடித்ததும், “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்கும் குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் வேறு மனிதச் சத்தமே கேட்காது.

“சார், கடைசிப் புள்ளிக்கு அப்புறம் மறுபடியும் ஒரு பூஜ்யம் வந்திருக்கு.”

அவர் மேலாளர் அறைப்பக்கம் பார்த்துக்கொண்டே, அனுப்பிய எண்ணைத் திரையில் தேடிப் படித்தார். பூஜ்யம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். இல்லவே இல்லை.

“இருக்காது மேடம்! இந்தத் தடவை நான் போடவே இல்லையே!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தெரியும் சார். அதான் கூப்பிட்டேன்.”