கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தே இருதயராஜுக்கு ஆறு வருடம் ஓடிவிட்டது. அவர் ரத்தத்தில் யூரியா எப்படி ஏறி இறங்கும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லும் ஆராய்ச்சிக்காக வந்திருந்த மதுவந்தி, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். இரண்டு மாதப் பரிசோதனைப் புள்ளிகள் அவள் வரைந்த கோட்டின்மேலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் உயரத்தில் தனியாக நின்றது.

"அன்னிக்கு என்ன சார் சாப்பிட்டீங்க?"

"பேத்திக்குச் சர்ச்சுல புதுநன்மை, முதமுதலா நற்கருணை வாங்கினா. கறிச்சோறு, ரெண்டு துண்டு வஞ்சிரம்." அதைச் சொல்வதற்குள்ளேயே அவருக்குக் களைத்துவிட்டது.

"இந்த ஒண்ண எடுத்துட்டா கணக்கு சரியா வந்துடும் சார்."

ஊசி ஏறியிருந்த கையை அசைக்காமல், மறுகையால் திரையை மறைத்தார்.

"வேண்டாம்மா. அன்னிக்கு ஒருநாள்தான் எல்லாரோடவும் உக்காந்து சாப்பிட்டேன்."

மதுவந்தியின் விரல் அந்தப் புள்ளியை அழிக்கும் பொத்தான்மேல் அப்படியே நின்றது.