கீழே வைத்த கத்தி

“எனக்குச் சரியா ஞாபகம் இல்ல ரோசா. அன்னைக்கு இந்தக் கத்திய ராமலிங்கம் என் கையில குடுத்தானா, மேசை மேல வெச்சானா?”

“கையிலதான் குடுத்தாரு. நான்தான் கத்துனேனே, கத்தியக் கையில குடுத்தா சண்ட வரும், கீழ வைங்கண்ணேன்னு. ரெண்டு பேரும் சிரிச்சீங்க. மூணு மாசத்துல பேச்சே நின்னு போச்சு.”

மிக்கேல் கையிலிருந்த மடக்குக் கத்தியை விரித்து ஒரு சப்போட்டாவை நான்காக நறுக்கினார்.

விரல் நீள அலகு. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து, தட்டி, தீட்டி, நண்பர் ராமலிங்கம் தன் கையால் செய்தது. புளியங்கட்டைப் பிடி. பதிமூன்று வருடத்தில் அது மிக்கேலின் உள்ளங்கைக்கு ஏற்றபடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. பழம், ரொட்டி, பார்சல் கயிறு, தபால் உறை எல்லாவற்றுக்கும் அதுதான். முதலியார்பேட்டையில் அவர் தெருவில் யாருக்கு எதை அறுக்க வேண்டுமென்றாலும், “மிக்கேல் சார் பையில கத்தி இருக்கும், கேளு” என்பார்கள். பட்டையின் மிச்சத்தில் மனைவி ரோசாவுக்கும் ஒரு சமையல் கத்தி வந்திருந்தது. மீனுக்கும் சரி, வெங்காயத்துக்கும் சரி, அவள் வேறு கத்தியைத் தொட்டதில்லை.

சண்டைக்குக் காரணம் கத்தியைக் கையில் கொடுத்தது அல்ல என்று மிக்கேலுக்குத் தெரியும்.

ஒரு ஞானஸ்நான விருந்து. பாரீசிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் கத்தியை வாங்கிப் பார்த்து, “அருமையா இருக்கே, எங்க வாங்குனீங்க?” என்றார். “பாரீஸ்லேர்ந்து மச்சான் அனுப்புனது” என்று சொல்லிவிட்டார் மிக்கேல். ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை அவருக்கே விளங்கவில்லை. ராமலிங்கம் பின்னால் சாப்பாட்டுத் தட்டோடு நின்றிருந்தார்.

“இனிமே உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன்டா” என்றார். தட்டை வைத்துவிட்டுப் போனவர்தான்.

வருகிற செவ்வாய்க்கிழமை மிக்கேலும் ரோசாவும் பாரீசில் இருக்கும் மகளிடம் போகிறார்கள். இனி திரும்பி வருவதாக இல்லை.

“கத்தியப் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போலாமே?” என்றாள் ரோசா.

“வேணாம். அவன்கிட்ட குடுத்துட்டு, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டுத்தான் போவணும்.”

“இந்தத் தடவையாவது கையில குடுக்காதீங்க. கீழ வைங்க. மனசு ஆறியிருந்தா அவரே எடுத்துக்குவாரு.”

“எடுக்கலன்னா?”

ரோசா சப்போட்டாக் கொட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

கருவடிக்குப்பத்தில் கதவைத் திறந்த ராமலிங்கத்தின் மனைவி ஆதிலட்சுமி திகைத்து நின்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே வழிவிட்டாள். ராமலிங்கம் நாற்காலியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

“ராமலிங்கம்...”

ராமலிங்கத்தின் கை ரேடியோவை அணைத்தது. முகம் ஜன்னல் பக்கமே இருந்தது.

“அடேங்கப்பா, முசே மிக்கேலா? பாரீஸ்லேர்ந்து எப்ப வந்தீங்க?” பிரெஞ்சுக்காரத் துரையை வரவேற்பதுபோல் கேட்டார்.

“இப்பதான் போகப் போறேன்டா. செவ்வாக்கெழம.”

“போய்ட்டு வாங்க. மச்சானக் கேட்டதாச் சொல்லுங்க.”

மிக்கேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்தார். ஆதிலட்சுமி காபி கொண்டுவந்து அவர் முன்னால் ஒரு டம்ளரை வைத்தாள். இன்னொன்றைக் கணவரின் கையில் கொடுத்தாள்.

“தப்பு என்னுதுடா. இது நீ செஞ்சதுன்னு அன்னைக்குச் சொல்ல வாய் வரல. அதுக்கப்புறம் கேட்டவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். உன்கிட்ட மட்டும்தான் சொல்லல.”

ராமலிங்கம் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. மின்விசிறி சுற்றியது. காபி ஆடை கட்டியது.

முக்காலியில் ஒரு துண்டு மடித்துக் கிடந்தது. மிக்கேல் கத்தியை மெல்ல அதன் மேல் வைத்தார்.

“உன் கத்தி. முன்னாடி வெச்சிருக்கேன். எடுத்துக்கோ.”

ராமலிங்கத்தின் இன்னொரு கை விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் கொஞ்சம் நகர்ந்தன. அப்படியே நின்றுவிட்டன. மிக்கேல் காத்திருந்தார். வெளியே ஒரு காய்கறி வண்டி கூவிக்கொண்டே வந்து, நின்று, போயும்விட்டது. கத்தி வைத்த இடத்திலேயே கிடந்தது. ராமலிங்கம் ஒருமுறைகூட இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

சொன்ன சொல்லை மாற்றாதவன்தான் என்று மிக்கேல் நினைத்துக்கொண்டார். எழுந்தார்.

“சரி. வர்றேன்டா.”

வாசலில் செருப்பை மாட்டும்போது ஆதிலட்சுமி ஓடிவந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணா, போவாதீங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. அவருக்கு ரெண்டு கண்ணும் போயி ரெண்டு வருஷம் ஆவுது. உங்க எதுக்க தடவித் தேட வெக்கப்படுறாரு. கையிலயே குடுங்க.”

மிக்கேல் திரும்பிப் போய், கத்தியை எடுத்து, நண்பரின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். ராமலிங்கத்தின் கட்டைவிரல் பிடியின் மேல் வெகுநேரம் ஊர்ந்தது.

“நல்லாத் தேஞ்சிருக்குடா” என்றார்.

மிக்கேலும் ரோசாவும் செவ்வாய்க்கிழமை பாரீசுக்குப் போனார்கள். ரோசாவின் சமையல் கத்தி பெட்டியில் போனது. ஆதிலட்சுமி சத்தியத்தை மீறியதற்கு இரண்டு நாள் திட்டு வாங்கினாள். ராமலிங்கம் கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறார், தன் மாம்பழத்தைத் தானே நறுக்கிக்கொள்கிறார்.