இரண்டுக்கு ஒன்று

ஏலகிரி இசைவிழாவுக்குப் போவதென்று வீடு முடிவு செய்துவிட்டது. ஓட்டு, இரண்டுக்கு ஒன்று.

"அப்பா தோத்தாச்சு!" மகிழினி சோபாவில் ஏறிக் குதித்தாள். "ஏரிக்கரையில டென்ட்! ரெண்டு நாள் பாட்டு!"

கபிலன் வேண்டாம் என்றுதான் ஓட்டுப் போட்டிருந்தான். எட்டு மாதமாக அவன் எல்லாவற்றுக்கும் வேண்டாம்தான்.

"மூணாவது ஓட்டு யாருது?"

"இலக்கியாவுடையது," என்றது வீடு, சுவர் ஸ்பீக்கரிலிருந்து. "இசைவிழா என்றால் எப்போதும் 'சரி' போடச் சொல்லியிருக்கிறார்."

"அவ செத்து எட்டு மாசம் ஆச்சு. பேரை எடுக்கலையா?"

"திரும்பி வருவதாகச் சொல்லிப் போனவர்களின் ஓட்டை நான் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்றார்."

வாசலில் நின்று யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை என்பதை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"இனி வரமாட்டார் என்று நீங்கள் சொன்னால் ஓட்டு ஒன்றுக்கு ஒன்றாகிவிடும். பயணம் ரத்தாகும்."

கபிலன் வாயைத் திறந்தான். மகிழினி குதிப்பதை நிறுத்தினாள்.

"சொல்லாதப்பா, ப்ளீஸ். எப்பவும் இப்படித்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுப்ப. அங்க போனதும் நீதான் முதல் ஆளா ஆடுவ. அம்மா எவ்ளோ சிரிப்பாங்க!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, தோத்துட்டேன்."

"தோத்தவங்கதான் டென்ட் தூக்கணும்!"

ஸ்டூலைப் போட்டு லாஃப்டுக்கு ஏறினான். எட்டு மாதத்துக்குப் பிறகு மனைவியோடு ஒரு சண்டை. வழக்கம்போல அவள்தான் ஜெயித்திருந்தாள்.