இருபத்தேழாம் நம்பர் வள்ளம்

நாகர்கோவிலிலிருந்து பைக்கில் வந்திறங்கிய சுதன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மீனவர் சங்க ஆபீசுக்குள் நுழைந்தான்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த லீமா எழுந்து நின்றாள். “வாங்க சார். ஒரு சாயா சொல்லட்டா?”

“சாயாவெல்லாம் வேண்டாம். மணி என்ன?”

“ஏழரை.”

“வள்ளமெல்லாம் எங்க?”

“கடல்ல.”

“பின்ன இதுல என்ன போட்டு வச்சிருக்கீங்க மேடம்?”

திரையில் நாற்பத்தொரு வள்ளங்களின் பட்டியல். நாற்பதுக்கு நேராகப் பச்சையில் ‘திரும்பியது’. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சிவப்பில் ‘திரும்பவில்லை’.

இந்த சாஃப்ட்வேரை எழுதியவனே சுதன்தான். எந்த வள்ளம் கடலில் நிற்கிறது, எது கரையேறியது என்று பார்த்ததும் தெரிய வேண்டும். பெருங்காற்று அடித்தால் யாரைத் தேடிப் போவது என்று தெரிய வேண்டும். ஆறு மாத உழைப்பு. இந்த ஒரு கரையில் சரியாக ஓடினால்தான் மற்ற கரைகளுக்குக் கொடுப்பார்கள். இந்த அம்மா என்னடாவென்றால், வள்ளம் போன பத்தாவது நிமிஷம் ‘திரும்பியது’ என்று தட்டிவிட்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறாள்!

“இப்ப ஒரு காத்து அடிச்சா எல்லாரும் வீட்ல படுத்துக் கெடக்கான்னுல்லா இது காட்டும்? மனுஷ உயிரு மேடம்! வேற ஆளைப் போடச் சொல்லி உங்க தலைவருக்கு லெட்டரே கொண்டு வந்திருக்கேன்.”

லீமாவின் முகம் வாடிவிட்டது. மேஜை டிராயரிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து நீட்டினாள்.

வள்ளம் போன மணி, ஏறிய ஆட்களின் பெயர், எந்தப் பக்கம் போனார்கள், திரும்பிய மணி. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட விட்டுப் போகவில்லை.

“நோட்டுல இவ்வளவு ஒழுங்கா எழுதத் தெரியுது. கம்ப்யூட்டர்ல மட்டும் எதுக்குப் பொய்?”

“அந்த சன்னலைப் பாருங்க சார்.”

வெளியே இரண்டு பெண்கள் கம்பியைப் பிடித்தபடி திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மீன்கூடையோடு, இன்னொருத்தி நிறைமாதம்.

“திரையை சன்னலைப் பாத்து வைங்க, எல்லாருக்கும் தெரியட்டும்னு நீங்கதான சொன்னிய? முதல் நாளு அப்படியேதான் போட்டேன். அந்தா வயித்தோட நிக்குதாளே பெபிஷா, அவ வந்து பாத்தா. கெட்டின மாப்பிள பேருக்கு நேர சிவப்பா ‘திரும்பவில்லை’. அந்த மணல்லயே விழுந்துட்டா சார். கூட நின்னவ எல்லாம் கூப்பாடு போட்டு அழுதாளுவ. அவன் கடலுக்குப் போயி அரை மணிக்கூர்கூட ஆவல!”

“போனது இப்பதான்னு அவங்களுக்கே தெரியுமே?”

“தெரியும். ஆனா கடலுக்குப் போன ஆளைப் பத்தி அந்த வார்த்தைய நாங்க சும்மா சொல்ல மாட்டோம். பிணத்தத் தேடப் போற அன்னைக்குத்தான் சொல்லுவோம்.”

சுதன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“மூணு தடவ பண்ணினேன். ‘ட்ரெயினிங்ல சொன்னபடி செய்யுங்க மேடம்’னு வச்சிட்டிய.”

ஆமாம், வைத்தான். வேறென்ன செய்ய? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சரி அக்கா, என்ன வார்த்தை போடட்டும்?”

“எனக்க கிட்ட ஏன் கேக்குதிய? பாக்குதவங்ககிட்ட கேளுங்க.”

சுதன் சன்னல் பக்கம் திரும்பினான். “அக்கா, ஆம்பளைங்க கடல்ல இருக்கும்போது யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“தொழிலுக்குப் போயிருக்காவன்னு சொல்லுவோம்” என்றாள் மீன்கூடைக்காரி. “இதக் கேக்கவா மக்கா நாகர்கோவில்ல இருந்து வந்தே?”

“அந்த சிவப்பும் வேண்டாம் அண்ணே. கண்ணுல குத்துது” என்றாள் பெபிஷா.

ஆறு மாதத்தில் தோன்றாதது அரை மணியில் முடிந்தது. லீமா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, சுதனே ஒவ்வொன்றாக மாற்றினான். நீல நிறத்தில் ‘தொழிலுக்குப் போயிருக்கு’. பெபிஷா அதை இரண்டு தடவை வாய்விட்டு வாசித்துவிட்டுச் சிரித்தபடி போனாள்.

பட்டியலில் ஒன்றுதான் பாக்கி.

“இந்த இருபத்தேழாம் நம்பர், கபிரியேல் வள்ளம். மூணு மாசமா காலையில இது ஒண்ணை மட்டும் சிவப்பா போட்டிருக்கீங்களே, ஏன்?”

“காலையிலயே எல்லாத்தையும் பச்சையாக்கினா இந்தப் பொட்டி ஏத்துக்கிட மாட்டேங்கு. ஒண்ணாவது சிவப்பா கெடக்கணுமாம்.”

சுதன் நாக்கைக் கடித்துக்கொண்டான். வேலைக்கு இருப்பவர்கள் ஏமாற்றிவிடக் கூடாது என்று அந்தப் பூட்டைப் போட்டவனும் அவன்தான்.

“அதுக்காக ஒரே ஆளையா தினமும் போடுறது? அவர்மேல உங்களுக்கு ஏதும் கோவமா?”

“கோவம் அப்பப்ப உண்டு” என்று சிரித்தாள் லீமா.

சுதனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

“என்னக்கா இது? பெபிஷாவுக்காக இரக்கப்பட்டீங்க, சரி. அந்த வீட்டுப் பொம்பளையும் மனுஷிதானே? மூணு மாசம் இந்தச் சிவப்பைப் பாத்துப் பாத்து அவங்க எப்படித் தாங்கினாங்களோ!”

லீமா மவுசை வாங்கி, இருபத்தேழுக்கு நேராகத் தானே அழுத்தினாள். சிவப்பு போய் நீலம் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தினமும் ஒரு ஜெபமாலை சொல்லித்தான் தாங்கினேன் சார். கபிரியேல் என்னைக் கெட்டின மாப்பிளையாக்கும்.”